கதவு எண் 600

போன வாரம் நண்பர் ஒருவர் தன் மைத்துனரின் மரபணுச் சோதனை அறிக்கையை என் மேசைமேல் விரித்தார். மைத்துனருக்குப் பெருங்குடல் புற்றுநோய். ‘பிராஃப் வி600இ’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி; அதன் கீழே அந்த மரபணுப் பிழைக்கான மாத்திரைகளின் பட்டியல். முதலில் இருந்தது வெமுராஃபெனிப், மெலனோமா என்கிற தோல் புற்றுநோய்க்காக வந்த மருந்து. “பிழை ஒண்ணுதானே சார், வாங்கிடலாமா?” என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. உறுப்பு எதுவானால் என்ன, மரபணுவைப் பார்த்து மருந்து கொடு என்பதுதானே 2017 முதல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஊருக்குச் சொல்லிவரும் பாடம்? 2022 ஜூனில், வி600இ உள்ள, வேறு வழியில்லாத திடக்கட்டிகள் அனைத்துக்கும் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் மருந்து ஜோடியை அனுமதித்தார்கள். கூடவே ஒரு விலக்கு: பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் நீங்கலாக. உலகில் மூன்றாவது அதிகமாக வரும் புற்றுநோயை வெளியே நிறுத்திவிட்டு ‘எல்லா உறுப்புக்கும்’ என்று பெயர் வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ!

பிராஃப் ஒரு சமிக்ஞைப் புரதம். ‘வளர்’ என்று வெளியிலிருந்து வரும் சேதியைச் செல்லுக்குள் கைமாற்றி விடுவது அதன் வேலை. அதன் 600ஆவது இடத்தில் வாலைனுக்குப் பதில் குளூடமிக் அமிலம் உட்கார்ந்துவிட்டால், சேதி வராமலே ‘வளர், வளர்’ என்று கூவிக்கொண்டிருக்கும். மெலனோமாவில் சுமார் பாதிப் பேரிடம் இந்தப் பிழை உண்டு. குடல் புற்றுநோயில் பத்தில் ஒருவரிடம்.

2011இல் வெமுராஃபெனிப் வந்தபோது மெலனோமா நோயாளிகளில் 48 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. அதே மாத்திரையை, அதே பிழை உள்ள 21 குடல் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எத்தனை பேருக்குச் சுருங்கியது? ஒரே ஒருவருக்கு. இருபத்தொன்றுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லோருக்கும் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. கதவு எண் ஒன்றுதான், தெருதான் வேறு.

காரணத்தை 2012இல் ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தில் ரெனே பெர்னார்ட்ஸின் குழு கண்டுபிடித்தது. குடல் புற்றுநோய்ச் செல்களுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, சேதி கடத்தும் 518 கைனேஸ் புரதங்களின் வாயையும் தனித்தனியே அடைத்துப் பார்த்தார்கள். இ.ஜி.எஃப்.ஆர். என்ற ஏற்பியை அடைத்தபோதுதான் மருந்து வேலை செய்தது. பிராஃபை அமுக்கியதும், அதுவரை இந்த ஏற்பியை அடக்கிவைத்திருந்த கடிவாளம் கழன்றுவிடுகிறது. சேதி வேறு வழியாக உள்ளே பாய்கிறது. மெலனோமா செல்களில் இந்த ஏற்பி மிகக் குறைவு. குடல் செல்களில் ஏராளம். முன்கதவைப் பூட்டினால் கொல்லைக் கதவு தானே திறந்துகொள்ளும் வீடு அது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் உறுப்பைப் பார்க்காமல் அனுமதி கொடுப்பதற்குப் பெயர் விஞ்ஞானமா? அரிய புற்றுநோய்களுக்கு உறுப்புவாரியாக ஆய்வு நடத்த ஆள் கிடைக்காது என்பார்கள். சோம்பலுக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான். உறுப்பு பாராமல் அனுமதித்த பெம்ப்ரோலிசுமாப் குடலிலும் பலித்ததே என்பார்கள். அது நோயெதிர்ப்பு மருந்து. இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லாத சாட்சி.

குடலைக் குடலாகப் பார்த்தபோது என்ன கிடைத்தது? பிராஃபை அமுக்கும் என்கோராஃபெனிபோடு இ.ஜி.எஃப்.ஆரை அடைக்கும் செடுக்சிமாப் ஊசியைச் சேர்த்தார்கள். ஏற்கெனவே சிகிச்சை பலிக்காதவர்களிடம் நடந்த பீக்கன் ஆய்வில் இடைநிலை ஆயுள் 5.4 மாதத்திலிருந்து 8.4 மாதமானது, 2020இல் அனுமதி. கீமோவையும் சேர்த்து முதல் சிகிச்சையாகவே கொடுத்தபோது 61 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. வழக்கமான சிகிச்சையில் 40தான். 2024 டிசம்பரில் அதற்கும் அனுமதி வந்தது.

ஆகவே சமிக்ஞைப் புரதங்களைக் குறிவைக்கும் உறுப்பு பாராத அனுமதிகள் அத்தனையையும் திரும்பப் பெற வேண்டும். நம் ஊரிலும், எந்த உறுப்பு என்று பார்க்காமல் பிழைக்குக் கீழே மருந்துப் பெயர் அச்சிடும் ஆய்வகங்களுக்கு அந்த உரிமையே கூடாது.

நண்பரின் அறிக்கையில் வெமுராஃபெனிபைப் பென்சிலால் அடித்தேன். ஓரத்தில் ‘செடுக்சிமாப் சேர்த்தா?’ என்று எழுதி, டாக்டரிடம் இதை மட்டும் கேளுங்கள் என்று மடித்துக் கொடுத்தேன்.