வேண்டும் என்று சொல்லக் கற்போம்

வாய் திறந்து ஒன்றை வேண்டும் எனக் கேட்பது பெண்பிள்ளைக்கு அழகல்ல என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. கேட்பது குற்றமல்ல, கேட்கும் முறை அறியாமையே குறை என்பது எங்கள் கருத்து. ஸ்பானிய மொழியின் தொடக்கப் பாடங்களே இதற்கு நல்ல சான்று.

அவிலா நகரப் புனித தெரேசம்மாள் (1515-1582) தம் நூல்களை எழுதிய மொழி அது. இன்று 20 நாடுகளின் ஆட்சிமொழி. அதில் 'கியேரோ ஆகுவா' என்றால் 'எனக்குத் தண்ணீர் வேண்டும்'. நம் 'விரும்புகிறேன்' என்பதில் போலவே 'கியேரோ' என்னும் வினையின் ஈற்றிலேயே 'நான்' அடங்கியுள்ளது. பெரியவர்களிடமோ கடையிலோ கேட்கும்போது அதனையே 'கிசியேரா' என்பர். கிடைத்தால் நன்றாயிருக்கும் என்ற பணிவு அதில் தொனிக்கிறது. ஆசை அதுவே, குரல் மட்டும் தாழ்கிறது. இன்னொரு சிறப்பும் உண்டு. தாய் தன் பிள்ளையிடம் 'தே கியேரோ' என்றால், 'உன்னை நேசிக்கிறேன்' என்று பொருள். வேண்டுவதற்கும் நேசிப்பதற்கும் அங்கே ஒரே வினைச்சொல்!

'மே குஸ்தா' என்றால் 'எனக்குப் பிடிக்கும்'. ஆங்கில வழியில் சிந்திப்பவர் இங்கே தடுமாறுவர். 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் பேசிப் பழகிய நமக்கோ இது எளிது.

பிறர் ஒன்றைச் செய்ய வேண்டும் என விரும்பும்போது அவர் செய்யும் வினையின் வடிவமே மாறுகிறது. 'காந்தாஸ்' என்றால் 'நீ பாடுகிறாய்'. 'நீ பாட வேண்டும் என விரும்புகிறேன்' என்பதற்கு, 'கியேரோ கே காந்தேஸ்'. பாட்டு இன்னும் பிறக்கவில்லை, அது பாடுபவள் மனத்தைப் பொறுத்தது என்பதை அந்தச் சிறு ஒலிமாற்றம் உணர்த்துகிறது. நமது 'வாழ்க', 'வருக' என்னும் வியங்கோள் வினைகளை இதற்கு உறவு எனலாம்.

நம் கைக்கு எட்டாத ஆசைகளுக்கு 'ஒஹலா' என்ற சொல் உண்டு. 'இறைவன் விரும்பினால்' என்ற பொருளுடைய அரபுத் தொடரிலிருந்து பிறந்தது அது. ஸ்பெயினில் இஸ்லாமியர் ஆட்சி 1492இல் முடிந்தது. சொல்லோ கிறிஸ்தவர் நாவிலும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

கேட்டுப் பழகினால் பிள்ளைகள் பிடிவாதக்காரராவர் எனச் சிலர் அஞ்சுவர். கேட்கத் தெரியாத பிள்ளையே மூலையில் முகம் வாடி நிற்கிறது. மேற்படிப்பு வேண்டும் என்ற ஆசையைக்கூடச் சொல்லாமல் விழுங்கிவிடும் பெண்கள் எத்தனை பேர்!

தோழியரே, கேளுங்கள் என நமக்குச் சொன்னவர் ஆண்டவரே. ஆகவே தெளிவாகக் கேட்போம், பணிவாகக் கேட்போம், பிறர் மனத்தை மதித்துக் கேட்போம். முடிவை இறைவனிடம் விடுவோம். பெற்றோரும் அருட்சகோதரியரும் செவிசாய்ப்பார்களாக!