வெளியேற வேண்டியவர் யார்?

நள்ளிரவில் அடியுண்டு, கைக்குழந்தையை இடுப்பிலேற்றித் தாய்வீட்டுக் கதவைத் தட்டி நிற்கும் பெண்ணைப் "பொறுத்துப் போ, மகளே" என்று திருப்பியனுப்புவதையே நம் ஊர்ப்பெரியோர் அறமெனக் கொண்டுள்ளனர். கல்லானாலும் கணவன் என்று பழமொழி கட்டியவன் அக் கல்லால் ஒருநாளும் அடிபட்டிருக்க மாட்டான்! அடித்தவன் உள்ளே உறங்க, அடிபட்டவள் தெருவில் நிற்பது எவ்வகை முறை?

2005ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று, 2006இல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இவ்வினாவுக்கு விடை கூறிவிட்டது. வீடு எவர் பெயரில் இருப்பினும், தான் வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமை அவளுக்கு உண்டு. வேண்டுமாயின், கணவனையே வெளியேறுமாறு குற்றவியல் நடுவர் ஆணையிடலாம். மாமியாருக்குரிய வீட்டில் மருமகளுக்கு இவ்வுரிமை இல்லையென்று 2006இல் தீர்ப்புரைத்த உச்ச முறைமன்றமே, 2020இல் அத் தீர்ப்புத் தவறென்று ஒப்புக்கொண்டது. பதினான்கு ஆண்டுகள்! அதற்குள் தெருவுக்கு வந்தவர் எத்துணைப் பேரோ?

அச் சட்டத்தின் 18ஆம் பிரிவு தருவது காப்பாணை. அடித்தல் மட்டுமன்று, அவள் வேலைசெய்யும் இடத்துள் நுழைதல், தொலைபேசியில் தொல்லைதருதல், அவளுக்கு உதவுவோரைத் துன்புறுத்தல் ஆகியவற்றையும் அது தடுக்கும். மனைவியர் மட்டுமல்லர், தாயரும் உடன்பிறந்த பெண்டிரும் அதனைக் கோரலாம். விண்ணப்பத்தை முதல் உசாவலினின்று அறுபது நாள்களுள் முடிக்க முயல வேண்டுமென்பது சட்டத்தின் சொல். மன்றங்களில் அவை திங்கள்களாய் நீள்வதை யாவரும் அறிவர். ஆகலின், எதிர்த்தரப்பினர் வருமுன்னரே நடுவர் வழங்கத்தக்க இடைக்கால ஆணையை முதல்நாளிலேயே கேட்டுப் பெறுதல் வேண்டும்.

இங்கே பலரும் இழைக்கும் பிழை ஒன்றுண்டு. விண்ணப்பத்தில் வாழ்க்கைப்பணத்தை மட்டும் கேட்டுக் காப்பாணையை விட்டுவிடுகின்றனர். ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 உருபா வரை தண்டம், அல்லது இரண்டும் என்று 31ஆம் பிரிவு வகுத்திருப்பது காப்பாணையை மீறுவோர்க்கே. அம் மீறல், காவலர் ஆணைச்சீட்டின்றித் தளைப்படுத்தத்தக்க குற்றம். பிணையை உரிமையாகக் கேட்கவும் இயலாது.

ஆணையின் படியைக் கட்டணமின்றி அவளுக்கும் காவல்நிலையத்துக்கும் மன்றமே தர வேண்டும். அப் படியைக் கையிலேந்தி வருபவளிடம் "வீட்டுச் சண்டைதானே, பேசித் தீர்த்துக்கொள்" என்று சொல்லும் காவலர், நடுவரின் ஆணையையே புறந்தள்ளுகிறார்.