அப்பாருவோட 'ரேம்'!

ஹார்ட் டிஸ்க் பக்காவா இருந்தும் ரேம் சொதப்பினா சிஸ்டம் தடுமாறும் இல்லையா? பக்கவாதம் வந்த மூளையிலும் சில சமயம் இதே கதைதான். அப்பாருக்கு அந்தக் கால மில் கதையெல்லாம் அத்துப்படி. இப்போ சொன்ன போன் நம்பர் நிக்காது.

மனசுல சில நொடி பிடிச்சு வெச்சுக்கிற இந்த நினைவுக்கு, சொல்லுக்கு ஒரு பகுதி, இடம்-உருவத்துக்கு இன்னொரு பகுதின்னு 1974-ல் பேட்லியும் ஹிட்ச்சும் சொன்னாங்க. பெரும்பாலானவர்களுக்குச் சொல்லில் இடது மூளைக்கும், இடத்தில் வலது மூளைக்கும் பங்கு அதிகம். இடது பாதிச்சா மளிகை லிஸ்ட் பாதியில கரையலாம். வலது பாதிச்சா காந்திபுரத்துல இறங்கி எந்தப் பக்கம் திரும்பறதுன்னு குழம்பலாம்.

இன்னொரு சிக்கல், குறை அவங்களுக்கே தெரியாம போகலாம். வலது மூளை பாதிச்சு இடது கை விழுந்தும், 'கை நல்லாத்தான் இருக்கு'ன்னு சாதிக்கிறவங்களை ஆராய்ந்தவர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன்.

அதனால, 'எத்தனை தடவைங்க அப்பாரு சொல்றது?'ன்னு சலிச்சுக்காதீங்க. ஒரு நேரத்துக்கு ஒரு விஷயம் சொல்லுங்க, எழுதியும் கொடுங்க.

திடீர்னு வாய் கோணினா, கை தளர்ந்தா, பேச்சு குழறினா உடனே 108! ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவா முதல் 4.5 மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்.