சீட்டை விட்டு இறங்குங்க சார்!

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம், ஹைட்ராலிக்ஸ் பேப்பரில் நல்ல மார்க் வேறு. அந்தத் திமிரோடுதான் போன கோடையில் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி, பொன்னேரிப் பக்கம் மாமா நிலத்துக்குப் போனேன். அங்கே நிற்பது பழைய மாஸே ஃபெர்குசன் 1035. சிவப்பு பெயின்ட் வெளுத்து ரோஸ் கலராகிவிட்டது. பின்னால் இரண்டு கொழு வைத்த இறக்கைக் கலப்பை.

முதல் சாலிலேயே மானம் போச்சு. முன் கொழு ஆழமாக இறங்குகிறது, பின் கொழு மேல்மண்ணைச் சுரண்டுகிறது. "வண்டிக்கு வயசாயிடுச்சு மாமா" என்றேன்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லடா. மொதல்ல சீட்ட விட்டு எறங்கு."

இறங்கிப் பார்த்தால், டாப் லிங்க் ரொம்பக் குறுகியிருந்தது. அதனால் கலப்பை மூக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. சில சுற்று நீட்டியதும் இரண்டு கொழுவும் ஒரே ஆழத்துக்கு வந்தன. அடுத்தது சாய்வு. முதல் சாலில் நான்கு சக்கரமும் மேட்டில் ஓடும். இரண்டாவதிலிருந்து வலப்பக்கச் சக்கரங்கள் பள்ளத்தில் ஓடுவதால் வண்டியே சாயும். கலப்பையும் கூடச் சாயாமல் இருக்க, வலது லிஃப்ட் ராடின் கைப்பிடியைச் சுற்றி அந்தப் பக்கத்தை உயர்த்த வேண்டும். பக்கச் சங்கிலிகள் கொஞ்சம் தளர்வாக இருக்கணும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்.

அதைவிட டிராஃப்ட் கண்ட்ரோல்தான் என்னை அசத்தியது. மண் இறுகினால் டாப் லிங்க் அழுந்தும், அது ஸ்பிரிங் வழியாக வால்வைத் தள்ளும், கலப்பை தானே கொஞ்சம் மேலே வரும், பாரம் பின்சக்கரத்துக்குப் போய்ப் பிடிப்பு கூடும். கம்ப்யூட்டரே கிடையாது! அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920களிலேயே யோசித்த சமாச்சாரம். 1946-ல் வந்த அவருடைய டிஇ20 டிராக்டரிலும் இதேதான். ஃபீட்பேக் என்று பரீட்சையில் படம் போட்டேனே, அது இதுதான் என்று அன்றுதான் புரிந்தது :-)

1960-ல் தொடங்கிய டஃபேதான் இங்கே மாஸே ஃபெர்குசன் செய்கிறது. அதன் செம்பியம் தொழிற்சாலை வழியாக பஸ்ஸில் போகிற நம்மில் எத்தனை பேர் ஒரு கலப்பையைத் தொட்டிருக்கிறோம்? சரி, அதை விடுங்க.

என் ஆதங்கம் வாடகை உழவு பற்றி. சொந்த டிராக்டர் இல்லாதவர்கள் மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறார்கள். டிரைவர் இறங்கி ஸ்பேனரை எடுத்தாலே நிலத்துக்காரருக்கு வயிறு எரிகிறது. விளைவு, அரைகுறை உழவுக்கு முழு வாடகை. டீசலும் வீண். மேலோட்டமாகவே வருஷாவருஷம் உழுதால் அடிமண் தட்டுப்போல் இறுகி வேரும் இறங்காது, தண்ணீரும் இறங்காது. ஏக்கர் கணக்குக்கு மாற்றினால் டிரைவர் பறப்பார், அதுவும் உதவாது. கலப்பையைச் சரிசெய்யும் கால் மணியையும் வேலையாக மதித்துக் கூலி பேச வேண்டும் என்பது என் கட்சி.

மறுநாள் பக்கத்து வயலில் வாடகை வண்டி. பின் கொழு அந்தரத்தில் ஆடுகிறது. ஓடிப்போய்ச் சொன்னேன். டிரைவர் அண்ணன் சிரித்தார்.

"எனக்குத் தெரியாதா தம்பி? நிறுத்திச் சரி பண்றேன். அந்த நேரத்துக்குக் காசு உண்டான்னு வரப்புல நிக்கிறாரே, அவரைக் கேட்டுட்டு வா."