தேறலை மறந்த தேயிலை மலை

மனிதருக்குள் ஏற்றத்தாழ்வு கற்பித்த உலகம் சொற்களையும் விட்டுவைக்கவில்லை. ஓரினப் பொருள்களைக் குறிக்கும் இரண்டு சொற்களில் ஒன்று முன்வாயிலில் வரவேற்கப்படுகிறது. மற்றொன்று கொல்லைப்புறத்தில் நிறுத்தப்படுகிறது. இவ்வுண்மையைக் காண விழைவோர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், தமிழர் கைபட்டு வளர்ந்த தேயிலைத் தோட்டங்களைக் கண்டாலே போதும்.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் சென்று கண்டமையால் அம்மலை அவர் பெயரைப் பெற்றது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பார், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்ன் துணையுடன் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் நிறுவனம் தோன்றியது. சரிவுகளைத் திருத்தியவர்களிலும் கொழுந்து கிள்ளியவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர். இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர் அவ்வேலையில் மிகுந்திருப்பினும், அம்மலையின் பசுமைக்கு அடியில் தமிழரின் வியர்வை உண்டு என்பதை எவரும் மறுக்க இயலாது.

ஆனால், அக்கொழுந்து தேநீரானபின் அதன் சுவையைச் சொல்லும் சொல் யாருடையது? 1679 முதல் 1998 வரை இலண்டனில் நடந்த தேயிலை ஏலமும், அதனைச் சூழ்ந்த தரகரும் சுவைஞருமே அச்சொற்களில் பலவற்றைப் பரப்பினர். ஒரு வாய் தேநீரை ஓசையுடன் உறிஞ்சி, நாவில் சுழற்றி, உமிழ்ந்துவிட்டு, ஒற்றைச் சொல்லால் தரம் கூறுவது அவர்தம் தொழில். அச்சொல்லை ஒட்டி விலை அமைந்தது. அவ்வகைச் சொற்களுள் ஒன்று ‘வைனி’ என்னும் அடைமொழி. நல்ல டார்ஜிலிங் தேயிலையும் சீனத்துக் கீமுன் தேயிலையும் முதிர்ந்து மென்மையுற்ற நிலையில் இப்பெயரால் பாராட்டப்படுகின்றன. அதன் பொருள் ‘வைனைப் போன்றது’ என்பதே. ஒரு துளி மதுவும் கலவாத தேநீருக்கு மதுவின் பெயரால் புகழ்மாலை!

‘வைனி’யின் உடன்பிறப்பு ‘வைனஸ்’. இவ்விரண்டுக்கும் வேர் ஒன்றே: ‘வீனும்’ என்னும் இலத்தீன் சொல். உரோமரிடமிருந்து செருமானிய இனத்தார் அதனைக் கடன் பெற, பழைய ஆங்கிலத்தில் ‘வீன்’ ஆகி, இன்று ‘வைன்’ ஆயிற்று. இலத்தீனில் ‘வீனோசுஸ்’ என்றால் மது நிறைந்தது, மதுவை விரும்புவோன் என்று பொருள். உரோமப் புலவர் ஓரேசு, கிரேக்கப் பெரும்புலவர் ஓமரையே இவ்வடையால் சுட்டினார். அதிலிருந்து வந்த ‘வைனஸ்’ ஆங்கிலத்தில் பல பொருள்களை ஈன்றது: மதுவின் இயல்புடையது, மதுவால் விளைந்தது, மதுவில் திளைப்பவர், மதுவின் செந்நிறம் உடையது. துரைமார் கழகத்தில் குடித்துவிட்டு நகைத்தால், அந்நகைக்கு ‘வைனஸ்’ என்னும் நாகரிகப் போர்வை கிடைக்கும். லயத்து வாசலில் தொழிலாளி அவ்வாறு நகைத்தால் அவனுக்குக் கிடைத்த பெயர் ‘குடிகாரன்’. செயல் ஒன்று, சொல் இரண்டு. இதுவே சொற்களின் ஏற்றத்தாழ்வு.

அறிவியலின் வரலாறு இக்கொடுமையை இன்னும் தெளிவாக்குகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு வேதியியலார் நொதித்தலை மூவகைப்படுத்தினர்: மதுவாகும் நொதித்தல், புளிக்காடியாகும் நொதித்தல், அழுகும் நொதித்தல். இவற்றுள் முதலாவதற்கு அவர்கள் இட்ட அடைமொழி ‘வைனஸ்’. சர்க்கரையை நுண்ணுயிரான ஈஸ்ட் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுவதே அது. தென்னம்பாளையில் வடியும் பதநீர் சில மணி நேரத்தில் கள்ளாவதும் இதே வினையால்தான். அவ்வகையில் அறிவியற்படி ‘வைனஸ்’ என்னும் பெயருக்கு முழு உரிமை உடையது தோட்டத் தமிழனின் கள்ளே. தேயிலைக்கு அவ்வுரிமை இல்லை. கொழுந்தை வாட்டி உருட்டும்போது அதன் உயிரணுக்கள் உடைந்து, இலையிலுள்ள நொதிகள் காற்றின் ஆக்சிசனோடு சேர்ந்து வினைபுரிகின்றன. அங்கே ஈஸ்ட்டின் வேலை இல்லை, சாராயமும் இல்லை. அதனை ‘நொதித்தல்’ என்று ஆலைகளில் வழங்குவது, உண்மை புலப்படுமுன் இடப்பட்ட பழம் பெயர். ஆக்சிசனேற்றம் என்பதே சரி. பிழையான அவ்வாங்கிலச் சொல்லைத் தமிழிலும் பிழையாகவே பெயர்த்து மாணவருக்கு ஊட்டுவது எதற்காக? அயலார் திருத்திக்கொண்ட பிழையைத் தமிழர் காத்து வைப்பது அறிவுடைமை ஆகுமா?

இனி வகுப்பறைக்கு வருவோம். ‘வைனஸ்’ என்னும் சொல் எதிர்ப்பட்டால், ‘மது சார்ந்த’ என்று இரு சொற்களில் பொருள் எழுதி முடித்துவிடுவதே வழக்கமாக உள்ளது. ‘திராட்சரசம்’ என்று விவிலியத் தமிழ் வழங்கிய பெயரைச் சிலர் எடுத்தாள்வர். அது பழச்சாற்றைக் காட்டுகிறதேயன்றி, அது முதிர்ந்து தெளிந்த நிலையைக் காட்டவில்லை. வேறு சிலர் ‘வைன்’ என்றே எழுதி அமைவர். தமிழுக்கு இப்பொருள் புதியது போலும் என்று மாணவன் எண்ணிக்கொள்கிறான். அவ்வெண்ணத்தைப் போல் உண்மைக்கு மாறானது வேறொன்றில்லை.

ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன், உரோமரின் ‘வீனும்’ தமிழகத் துறைமுகங்களில் வந்து இறங்கியது. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளின் சாடி ஓடுகள் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துங்கால், யவனர் கலத்தில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் மகளிர் ஊட்ட அவன் மகிழ்ந்திருக்க வேண்டும் என்கிறார். அங்கே அவர் ஆளும் சொல் தேறல். அயல்நாட்டுப் பொருள் வந்தபோது புலவர் தயங்கவில்லை. அயற்பெயரைத் தேடி ஓடவுமில்லை. தம் மொழியில் ஏற்ற சொல் இருந்தது, அதனை இட்டார்.

தேறல் எத்தகைய சொல்! ‘தேறு’ என்னும் வினையடியாய்ப் பிறந்து, தெளிந்தது என்னும் பொருள் தருவது. கலங்கிய கள் தங்கித் தெளிந்தால் தேறல். கலங்கிய நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் நீர் தேறும். நோயுற்றவன் உடல் தேறுகிறான். துயருற்றவளைத் தோழி தேற்றுகிறாள். மாணவன் தேர்வில் தேறுகிறான். கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளி மாணவன் தேர்வு முடிவு வந்த நாளில் ‘தேறிவிட்டேன்’ என்று ஓடிவரும்போது, யவனர் மதுவுக்குத் தன் முன்னோர் இட்ட பெயரின் வேரையே உச்சரிக்கிறான். அதனை அவனுக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. தேறல் மட்டுமா? நறுமையிற் பிறந்த நறவு, அரிசியில் ஆக்கிய தோப்பி, இன்னும் மட்டு, பிழி, அரியல் எனச் சங்கப் பாடல்களில் இவ்வினத்துச் சொற்கள் நிறைந்துள்ளன. ‘மகிழ்’ என்பது கள்ளையும் குறித்தது. அதனால் உண்டாகும் உவகையையும் குறித்தது.

இச்சொற்களைப் பள்ளியில் பேசலாமா என்று முகம் சுளிப்போர் உண்டு. கள் தோட்டத் தமிழரின் குடியைக் கெடுத்த பொருள் அன்றோ என்பர். அவ்வச்சத்துக்கு வரலாற்று நியாயம் உண்டு, அதனை எள்ளலாகாது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு ஆட்சியாளர் இசைவளித்தனர்; உழைத்த கூலியின் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் ஆர்.எச். நாதன் தலைமையில் எழுந்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. அதே பட்டியலில், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும், தமிழ் அறிந்தோரை அலுவலராக அமர்த்த வேண்டும், துரைக்கு முன்னால் சைக்கிளில் ஏறிச் செல்லும் உரிமை வேண்டும் என்பனவும் இருந்தன. நாதன் நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகப் போராடினர்.

அப்பட்டியலை ஊன்றிப் படிப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். கள்ளை வெறுத்த அதே தொழிலாளர் தமிழைக் கோரினர், கல்வியைக் கோரினர், நிமிர்ந்து செல்லும் மதிப்பைக் கோரினர். கடையை மூடச் சொன்னார்களேயன்றி அகராதியை மூடச் சொல்லவில்லை. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரும், காமத்துப்பாலில் களித்தல், மகிழ்தல் என்னும் சொற்களைக் கள்ளோடு ஒப்பிட்டுக் காதலுக்கு உரிமையாக்கினார் அன்றோ? மதுவை விலக்கிச் சொல்லை மீட்ட அப்பெருமகனாரைவிட ஒழுக்கத்தில் தாம் மேம்பட்டவர் என்று எந்த ஆசிரியர் கூறத் துணிவார்?

சொல்லைக் கடன் வாங்குவது குற்றமா என்று மற்றொரு சாரார் வினவுவர். குற்றமன்று. ‘தேயிலை’ என்பதிலுள்ள ‘தே’ சீனத்து மின்னான் மொழியின் சொத்து. தமிழ் அதனோடு இலையைச் சேர்த்தது, நீரைச் சேர்த்தது. தேயிலையும் தேநீரும் தமிழாகிவிட்டன. ஆங்கிலமும் அவ்வாறே ‘டாடி’ என்னும் சொல்லை இந்திமொழித் ‘தாடி’யிலிருந்து, அதாவது பனங்கள்ளின் பெயரிலிருந்து பெற்றது, பின்னர் வெந்நீரும் விஸ்கியும் கலந்த குளிர்காலப் பானத்துக்கு அப்பெயரைச் சூட்டிச் சிறப்பித்தது. கள்ளின் பெயர் ஆங்கிலேயர் வீட்டில் மருந்தாயிற்று. தமிழர் வீட்டில் வசையாயிற்று. குற்றம் கடனில் இல்லை. தன் பெட்டியில் என்ன இருக்கிறது என்று பாராமலே கடன் கேட்டு நிற்பதில் இருக்கிறது.

தேநீரின் சுவைக்கு அப்பெட்டியில் என்ன இருக்கிறது? துவர்ப்பு இருக்கிறது. அறுசுவையுள் ஒன்றாகிய துவர்ப்பே தேநீரின் உயிர்ச்சுவை. இதற்கு ஆங்கிலம் இலத்தீன் வழிவந்த நீண்ட சொல்லை நாட வேண்டும். தமிழ்க் குழந்தையோ பாக்கையும் வாழைப்பூவையும் கடித்த அன்றே இதனை அறிந்துகொள்கிறது. ‘துவர்’ என்பது செந்நிறத்தையும் குறிக்கும். ஆக்சிசனேற்றத்தால் தேயிலைக்குள் விளையும் பொருள்களே தேநீருக்கு விறுவிறுப்பையும் செம்மையையும் ஒருங்கே தருகின்றன. ‘வைனஸ்’ என்னும் ஒரு சொல்லுக்குள் இயல்பும் நிறமும் அடங்கியது கண்டு வியப்போர், ‘துவர்’ என்னும் ஒரு சொல்லுக்குள் தேநீரின் சுவையும் நிறமும் அடங்கியிருப்பதை ஏன் காணவில்லை?

ஆகவே செய்யத்தக்கன மூன்று. ‘வைனஸ்’ போன்ற சொல்லைக் கற்பிக்கும்போது அதன் வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். முதிர்ந்து தெளிந்த சுவைக்குத் ‘தேறற்பதம்’, ‘தேறற்சுவை’ என்பன போன்ற ஆக்கங்களை மாணவரே படைக்கத் தூண்டுதல் வேண்டும். அவை நிலைப்பதும் மறைவதும் வழக்கின் கையில். ஒரு நாளேனும் வகுப்பறைக்குள் ஒரு குவளைத் தேநீரைக் கொணர்ந்து, அதன் சுவையைத் தமிழிற் சொல்லுமாறு மாணவரைக் கேட்டல் வேண்டும். இவற்றுக்கு ஆணை வேண்டியதில்லை, பணமும் வேண்டியதில்லை.

கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு அன்று எடைக்குத்தான் கூலி கிடைத்தது. சுவைக்குப் பெயரிட்ட நாவுக்கே விலையை உறுதிசெய்யும் உரிமை கிடைத்தது. பெயரிடும் உரிமையை இழந்தோர் மதிப்பிடும் உரிமையையும் இழப்பர் என்பதே அம்மலை கற்பிக்கும் பாடம். அப்பாடத்தில் தமிழ் மாணவன் தேற வேண்டுமாயின், முதலில் தேறல் என்னும் சொல்லை அவன் கையில் ஆசிரியர் கொடுத்தாக வேண்டும்.