அம்மாயியின் லயம்



பாடசாலை விடுமுறை தொடங்கினால் வடக்கு கிழக்கிலிருந்து வாகனங்கள் நுவரெலியாவை நோக்கி ஏறத் தொடங்கிவிடும். கிரகரி வாவியில் படகுச் சவாரி, ஹக்கல பூங்காவில் பூக்கள், கொழுந்து மலையில் ஒரு படம். பிள்ளைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படத்தில் கூடையுடன் நிற்கும் பெண் யார் என்று எம்மில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு சகோதரி தன் மகளோடும் மகனோடும் வந்திருந்தார். 2009 இல் கணவரை இழந்தவர்; தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். முதல்நாள் வாவியெல்லாம் சுற்றிக் காட்டினேன். இரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு மெதுவாகச் சொன்னார்.

“மிஸ், என்ர அம்மா பிறந்தது ஹட்டன் பக்கத் தோட்டம் ஒண்டில. 77 கலவரத்தோட கிளிநொச்சிக்கு வந்தவ. பிள்ளையளுக்கு நான் சொல்லேல்லை. பள்ளிக்கூடத்தில என்னைத் தோட்டக்காட்டாள் எண்டு கூப்பிட்டவை. அந்தச் சொல் இதுகளுக்கும் வேண்டாமெண்டு விட்டிட்டன்.”

மறுநாள் வாவிக்குப் போகவில்லை. தலவாக்கலை ஊடாக, சென் கிளயர், டெவன் நீர்வீழ்ச்சிகளைக் கடந்து அந்தத் தோட்டத்துக்குப் போனோம். வழியில் நான் அறிந்ததைச் சொன்னேன். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து தோணியேறியவர்கள் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. 1873 இல் வெட்டிய வாவிக்கு ஆளுநர் கிரகரியின் பெயர் இருக்கிறது. காட்டை மலையாக்கியவர்களின் பெயரைத் தேடினால் பலகை கிடைப்பது அரிது.

லயத்து வாசலில் இருந்த ஒரு பாட்டி சகோதரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “வன்னிக்குப் போனவளோட மகளா நீ? ஆத்தாள அப்படியே உரிச்சு வச்சிருக்கியே!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். மகள் காம்பராவை அடியால் அளந்தாள். 10 அடிக்கு 12 அடி. “இதுக்குள்ள எல்லாருமே இருந்தவை?” என்று தம்பி கேட்டான்.

“எங்க அக்கா குடும்பத்த இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க, தம்பி. அட்டன் டேசன்லதான் கடைசியாப் பார்த்தது.”

1948 குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைப் பிரித்தது. திரும்பும்போது ஹட்டன் நிலையத்தில் பிள்ளைகள் தண்டவாளத்தைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார்கள். வேறு எங்குமே அப்படி நிற்கவில்லை.

ஊருக்குப் போகும் வழியில் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்கும் போகச் சொன்னேன். அங்கே பழைய லயமே 2007 முதல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையாக இருக்கிறது.

வருகிற சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். மலையில் படம் எடுக்க முன் அந்தப் பெண்களோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். நெடுநேரம் மறித்து வைக்காதீர்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும்.

சென்ற கிழமை அந்தச் சகோதரி தொலைபேசியில் பேசினார். தன் தாயார் பேரப்பிள்ளைகளை ‘அம்மாயி’ என்று கூப்பிடச் சொல்லி ஆசையாகக் கேட்டாராம். இவர்தான் அயலுக்குப் பயந்து ‘அம்மம்மா’ என்று பழக்கியவர். இப்போது மகள் பாடசாலை ஒப்படைக்கு லயத்தைப் பற்றி எழுதுகிறாள். தலைப்பில் ‘அம்மாயி’ என்றுதான் போட்டிருக்கிறாளாம்.