ஒழுகும் குழாயும் ஒட்டுப்போடும் கையும்

குழாய் ஒழுகினால் பிளம்பருக்குச் சொல்லியனுப்பு. அவர் வரும்வரை கீழே ஒரு வாளியை வை. நம்மவர் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் எழுதப்படாத சட்டம் இது. வாளி நிரம்புகின்றது, ஊற்றப்படுகின்றது, மீண்டும் நிரம்புகின்றது. பிளம்பர் மட்டும் "நாளைக்கு வாறன் ஐயா" என்ற இடத்திலேயே நிற்கின்றார். இந்தச் சட்டத்தைத் திருத்தவேண்டிய காலம் வந்துவிட்டது என்பது எனது கருத்து. அரசியல் எழுதிவந்தவன் குழாயைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று வாசகர்கள் வியக்கலாம். இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை என்பது இறுதியில் புரியும்.

முதலில் ஒரு சிறு கணக்கு. நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றர், அதாவது ஒரு சிறிய தேநீர்க் கோப்பையளவு நீர் கசிவதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் 24 மணித்தியாலத்தில் அது 144 லீற்றர். 30 நாளில் 4,320 லீற்றர். நீர்மானியில் ஓர் அலகு என்பது 1,000 லீற்றர் ஆகையால், மாதத்துக்கு நான்கு அலகுகளுக்கு மேல் எவருடைய தாகத்தையும் தீர்க்காமல் மண்ணுக்குள் போகின்றது. இலங்கையில் நீர்க்கட்டணம் 2022 செப்ரெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் உயர்த்தப்பட்டது. 2024 இல் சிறிதளவு குறைக்கப்பட்டது. அதிலும் பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறும் படிமுறை இது. ஒழுக்கு உங்களை மேற்படிக்குத் தள்ளிவிட்டால், குடித்த நீருக்கும் சேர்த்து அதிகம் செலுத்த நேரிடும்.

உங்கள் வீட்டில் ஒழுக்கு உண்டா என்பதை அறிவதற்கு ஒருவரையும் அழைக்கவேண்டியதில்லை. இரவில் எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு, தாங்கிக்கு நீர் ஏறவில்லை என்பதையும் உறுதிசெய்தபின் நீர்மானியைப் பாருங்கள். அதன் சிறு சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால், நீர்மானிக்கும் உங்களுக்கும் இடையில் எங்கோ ஒழுகுகின்றது.

இனி மருந்துக்கு வருவோம். குழாய்க்குக் கட்டுப்போடும் பொதிகள் இன்று இரும்புக்கடைகளிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கின்றன. ஈரம் பட்டதும் இறுகும் பொலியுரேத்தேன் பிசின் ஊட்டப்பட்ட கண்ணாடியிழை நாடா ஒன்று, ஒரு சோடி கையுறை, சிலவற்றில் பொத்தலை அடைக்கும் எபொக்சிக் களி. இவ்வளவுதான் உள்ளே இருக்கும். இது ஏதோ மாயவித்தை அன்று. கை முறிந்தவருக்கு வைத்தியசாலையில் இப்போது போடப்படும், பாரிஸ் சாந்துக்குப் பதிலாக வந்த இலேசான கட்டும் இதே இரசாயனத்தில்தான் இறுகுகின்றது.

செய்முறை எளிது, ஆனால் வரிசை முக்கியம். நீரை அடைத்து, குழாயில் எஞ்சியிருப்பதையும் வடியவிடுங்கள். துரு, எண்ணெய், பாசி, பழைய பூச்சு ஆகியவற்றை நீக்கி, ஒழுகும் இடத்தை அரத்தாளால் உரசிக் கரடுமுரடாக்குங்கள். வழுவழுப்பான பிளாஸ்ரிக் குழாய்க்கு இந்த உரசல் மிகவும் அவசியம். களி இருந்தால் அதைப் பிசைந்து பொத்தலில் அமுக்கிவிடுங்கள். பிறகு கையுறையை அணிந்துகொண்டுதான் நாடாவின் உறையைத் திறக்கவேண்டும். பிசின் தோலில் ஒட்டினால் எளிதில் போகாது. திறந்த உறையை மறுநாளைக்கு வைக்கவும் முடியாது. காற்றின் ஈரமே அதை இறுக்கிவிடும். உறையில் குறிப்பிட்டபடி நீரில் தோய்த்து, பொத்தலின் இருபுறமும் குறைந்தது இரண்டு அங்குலமாவது மூடும்படி இறுக்கி இழுத்துச் சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடவேண்டும். பிசின் நுரைக்கும்போது ஈரக் கையுறையால் தடவித் தடவி அமுக்குங்கள். பின்னர் உறையில் சொல்லப்பட்ட நேரம் முடியும்வரை நீரைத் திறவாதிருக்கப் பொறுமை வேண்டும். நம்மவர்கள் தோற்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

எச்சரிக்கைகளும் உண்டு. நீர் மின்கம்பிக்கோ சூடாக்கிக்கோ அருகில் சிந்தினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். எரிவாயுக் குழாயில் இந்த வித்தையைக் காட்டவே கூடாது. அறையின் யன்னல்களைத் திறந்து வையுங்கள். திருகாணி மூட்டுகளுக்குச் சுற்றும் மெல்லிய வெள்ளை நாடாவை வெடிப்பின்மேல் சுற்றுவோர் பலர். அது மரையிடுக்கை அடைப்பதற்கானது. வெளியே சுற்றினால் ஒரு நாளும் தாங்காது.

பொதியை விற்பவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகின்றேன். எட்டும் இடத்தில் ஓடும் பிளாஸ்ரிக் குழாய் வெடித்திருந்தால், பழுதான துண்டை அறுத்தெறிந்து இணைப்புத் துண்டும் பசையும் கொண்டு புதுத்துண்டு பொருத்துவதே சரியான வைத்தியம். பெரும்பாலும் கட்டுப்பொதியை விட மலிவானதும் அதுவே. அதையும் நாமே கற்றுக்கொள்ளலாம். பழைய நாகமுலாம் இரும்புக் குழாயோ உள்ளிருந்து உக்குகின்றது. அங்கே ஒரு பொத்தலைக் கட்டினால் அடுத்தது ஒரு சாண் தூரத்தில் திறக்கும். ஆக, கட்டு என்பது முதலுதவி. ஞாயிற்றுக்கிழமை இரவில், கடை பூட்டிய நேரத்தில், ஆள் கிடைக்காத ஊரில் அது பெரும் உதவி. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

"இது பிளம்பரின் பிழைப்பில் மண் போடுவதல்லவா?" என்று கேட்பவர்கள் இருக்கின்றார்கள். நான் அப்படிக் கருதவில்லை. காய்ச்சலுக்கு நெற்றியில் ஈரத்துணி போடும் தாய் வைத்தியரின் தொழிலைக் கெடுப்பதில்லை. மாறாக, தன் கையால் ஒரு குழாயையாவது திருத்தியவன்தான் பிளம்பருடைய உழைப்பின் பெறுமதியை அறிவான். கூலியைப் பேரம் பேசிக் குறைக்கமாட்டான். நமது படித்த வர்க்கத்துக்குக் கையில் அழுக்குப் படுவது இன்னமும் கௌரவக் குறைவு. பிள்ளை பொறியியலாளராக வேண்டும். ஆனால் ஸ்பானரைத் தொடக்கூடாது. இது விசித்திரமான ஆசை.

நாம் எப்போதும் இப்படி இருந்தவர்களும் அல்லர். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தவர் எதைத்தான் திருத்தவில்லை? மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. ஜாம் போத்தலில் விளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். அச்சுத்தாள் இல்லாதபோது கோடிட்ட கொப்பித்தாளில் பத்திரிகைகள் வெளிவந்தன. ஒழுகும் குழாய்க்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி, நீட்டி இழுத்துச் சுற்றி, கம்பியால் முறுக்கிக் கட்டினோம். இன்றைய கட்டுப்பொதியின் தத்துவமும் ஏறத்தாழ அதுவே. அந்தத் துன்பம் திரும்பவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைத்திறனையும் துன்பத்தோடு சேர்த்துப் புதைத்தது பெரும் நட்டம்.

இந்த நட்டத்தின் பாரம் இன்று முதியவர்கள் மீது விழுகின்றது. பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்க, பெரிய வீட்டில் வயோதிபர் இருவர், அல்லது ஒருவர் மட்டும், காவல் இருக்கும் ஊர்கள் நம்முடையவை. நள்ளிரவில் குளியலறையில் குழாய் வெடித்தால் வழுக்கும் தரையில் அவர்கள் எங்கே போவார்கள்? வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொக்கலேற்றோடு இதற்கும் சிறிது நேரம் ஒதுக்குங்கள். நீரை அடைக்கும் வால்வு எங்கே உள்ளது என்று கண்டுபிடியுங்கள். அது இறுகிக் கிடந்தால் திருத்துவியுங்கள். பெற்றோருக்கு அதைத் திருகிக் காட்டி, சிவப்பு மையால் அடையாளமிடுங்கள். வயோதிபர் குனிந்து கட்டுப்போடவேண்டியதில்லை. நீரை அடைக்கத் தெரிந்தாலே பாதி ஆபத்து நீங்கும். பனிக்குளிரில் நீர் உறைந்து, பருமன் ஏறத்தாழ 9 வீதம் பெருகிக் குழாய் வெடிக்கும் நாடுகளில் வாழும் உங்களுக்கும் இதே பாடம் பொருந்தும்.

ஆனால் எல்லா ஒழுக்கையும் குடிமக்களின் தலையில் கட்டிவிடவும் முடியாது. நீர்மானிக்கு இப்பால் உள்ளது நமது பொறுப்பு. அப்பால் உள்ளது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. வீதியில் நீர் பீறிட்டால் 1939 என்ற இலக்கத்துக்குச் சொல்லவேண்டியது நமது கடமை. திருத்தவேண்டியது அவர்களது கடமை. கொழும்பு மாநகரின் குழாய்களை மாற்ற ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 2012 இல் திட்டம் வகுக்கப்பட்டபோது, அந்நகருக்கு விடப்பட்ட நீரில் ஏறத்தாழப் பாதி கட்டணம் ஈட்டாமலே போய்க்கொண்டிருந்தது. சட்டவிரோத இணைப்புகளும் அதில் அடக்கம்; நூறாண்டு கடந்த குழாய்களின் ஒழுக்கும் அடக்கம். வடக்கிலோ நிலைமை வேறு. வற்றாத ஆறில்லாத குடாநாட்டுக்குக் கடல்நீரை நன்னீராக்கித் தரும் தாளையடி நிலையம் 2024 இல் திறக்கப்பட்டது. அத்தனை மின்சாரமும் பணமும் செலவிட்டு உப்பைப் பிரித்தெடுத்த நீரை ஒழுகவிடுவது எவ்வளவு பெரிய அநியாயம்!

இறுதியாக, கட்டுப்போடும் கலையில் உள்ள பெரிய ஆபத்தைச் சொல்லவேண்டும். ஒழுக்கு நின்றதும் நாம் மறந்துவிடுவோம். தற்காலிகம் நிரந்தரமாகிவிடும். இந்த நாட்டுக்கு அது புதிதல்ல. 1979 இல் "தற்காலிக ஏற்பாடுகள்" என்ற பெயரோடு மூன்றாண்டுகளுக்கென வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. அந்த 'ஒட்டு' எத்தனை இளைஞர்களின் வாழ்வை விழுங்கியது என்பதை இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை. உள்ளே உக்கிக்கொண்டிருப்பதை விட்டுவிட்டு மேலே சுற்றிக்கொண்டே போவது ஆட்சியாளர்களின் பழக்கம். வீட்டிலாவது அதை நாம் பின்பற்றாதிருப்போம்.

ஆகவே கட்டு இறுகியதும் அதன்மேல் அழியாத மையால் அன்றைய திகதியை எழுதிவையுங்கள். திகதியில்லாத செய்தி செய்தியாகாது என்று பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத்தந்தது. திகதியில்லாத ஒட்டும் அப்படித்தான். வாரம் ஒருமுறை அதைத் தொட்டுப் பாருங்கள். மாதம் முடிவதற்குள் அந்தக் குழாய்த்துண்டை மாற்றிவிடுங்கள்.